அம்மா பழுப்பு

ஜனவரி 9

அடி மைமூக்கி,

சுகமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு மேல் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. உன்னிடம் அதைக் கேட்க முடியாது. அதனால் என் சுகத்தைச் சொல்லிவிடுகிறேன். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. சாப்பிடுகிறேன். வேலைக்குப் போகிறேன். நேற்று கடையில் எழுபது சட்டை தேய்த்தேன்.

நீ போய் முப்பத்தெட்டு நாள். உன் மேசையில் ஒன்றைத் தவிர எதையும் நகர்த்தவில்லை. பென்சில் சீவின தூள்கூட அங்கேயே கிடக்கிறது. மூக்கைத் துடைக்க நான் கொடுத்த பழந்துணியும் இருக்கிறது. துடைத்து என்ன கண்டாய்? மூக்கு நுனியில் கறுப்பு இல்லாமல் நீ வாசலைத் தாண்டின நாள் உண்டா?

உன் நாடகக்கார அம்மாவிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. தன் நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறாராம். ‘பூட்டிய அறை’ நாடகத்துக்கு நீ வரைந்த போஸ்டர் வீட்டில் இருக்கிறதா என்று கேட்கிறார். போனில் கேட்டால் நான் உடைந்துபோவேன் என்று எழுதிக் கேட்டாராம். நல்ல மனுஷி. நான் எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்க அரை மணி நேரம் ஆனது.

அது எங்கே இருக்கிறது என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். சுருட்டினது சுருட்டினபடி என் தலையணை உறைக்குள் இருக்கிறது. யாருக்கும் கொடுக்கப்போவதில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

அம்மா


ஜனவரி 11

நாடகக்கார அம்மாவுக்கு வணக்கம்.

நீங்களும் உங்கள் ஆட்களும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

நீங்கள் கேட்ட படம் இங்கே இல்லை. நன்றாகத் தேடிவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

அவள் எப்படி வேலை செய்வாள் என்று கேட்டிருந்தீர்கள். அதைச் சொல்கிறேன். ஒரு போஸ்டர் வரைந்து முடித்ததும் என்னை எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில் கொண்டுபோய் நிறுத்துவாள். அவள் எங்கள் வீட்டு வாசலில் படத்தைத் துணி போட்டு மூடிப் பிடித்துக்கொள்வாள். துணியை எடுத்துவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி உடனே மூடிவிடுவாள். “என்னம்மா பார்த்த?” என்று ரோட்டைத் தாண்டிக் கத்துவாள். நானும் திருப்பிக் கத்துவேன். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள்.

ஒரு தடவை எனக்கு வந்ததே கோபம். “ஏன்டி, படிக்காதவளை நடுத்தெருவுல நிறுத்தி மானத்தை வாங்குறியா?” என்று கேட்டேன்.

“அம்மா, படிச்சவங்க எழுத்தைப் படிச்சுட்டு, படமும் புரிஞ்ச மாதிரி பேசுவாங்க. உன்னை அப்படி ஏமாத்த முடியாது. நீ பாஸ் போட்டாத்தான் சுவத்துக்குப் போகும்” என்றாள்.

அன்றைக்கு வேலைக்கு நான் நடந்து போன நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உங்கள் குழுவுக்கு அவள் வரைந்த பதினோரு போஸ்டருக்கும் பாஸ் போட்டவள் நான்தான். யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் அம்மா


ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களை இனி அக்கா என்றே எழுதுகிறேன். ‘நாடகக்கார அம்மா’ என்று நீங்கள் எழுதினால் எனக்கு எண்பது வயதானதுபோல் இருக்கிறது. நாங்கள் சுகம். ஒருவருக்கு மட்டும் தொண்டை கட்டிவிட்டது, அவருக்குத்தான் நீளமான வசனம்.

பாஸ் போடும் கதையை ஒத்திகை முடிந்ததும் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். “நம்ம போஸ்டருக்கெல்லாம் சென்சார் ஆபீஸ் ஒரு பஸ் ஸ்டாப்பா?” என்று சிரித்தார்கள். பிறகு ஒருவர் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

அவளைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லட்டுமா? சென்ற வருட நாடகத்துக்கு ஒட்டின போஸ்டர்களை மறுநாளே சுவரிலிருந்து உரித்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் நடிகர்களுக்கு ஆத்திரம். உங்கள் மகளுக்குத் தலைகால் புரியவில்லை. “எட்டு திருட்டு, டைரக்டரம்மா! எட்டு!” என்று விரலை விரித்துக் காட்டினாள். எங்கள் லோகோவையும் சொல்ல வேண்டும். தொடங்கும்போது எங்களிடம் இருந்த ஒரே மேடைப் பொருள் மூன்று கால் ஸ்டூல். ராஜாவுக்கு அதுதான் சிம்மாசனம், நோயாளிக்கு அதுதான் கட்டில். அதை நான்கே கோட்டில் போட்டுத் தந்தாள். இன்றைக்கு அந்த நான்கு கோட்டைப் பார்த்தால் எங்களை எந்த ஊரிலும் தெரிகிறது.

இனி எழுதக் கை வராததை எழுத வேண்டும். மார்ச் ஒன்றாம் தேதி ‘பூட்டிய அறை’ அரங்கேறுகிறது. உங்கள் ஊரில்தான். பிப்ரவரி பதினைந்துக்குள் போஸ்டர் அச்சுக்குப் போக வேண்டும். அவள் படம் கிடைக்காவிட்டால் வேறொருவரிடம்தான் வரையச் சொல்ல வேண்டும். அப்போது கீழே அவள் பெயர் இருக்காது.

கடைசியாகப் போனில் பேசியபோது, “கதவு கிடைச்சிடுச்சு, டைரக்டரம்மா. ஒரு நிறம் மட்டும் அடம் பிடிக்குது” என்றாள். முடிக்கும் முன்னால் எதையும் காட்டமாட்டாள், உங்களுக்குத் தெரியுமே. இன்னொரு தடவை தேடிப் பார்ப்பீர்களா?

அன்புடன்,
தங்கச்சி என்று நினைத்துக்கொள்ளுங்கள்


ஜனவரி 27

தங்கச்சிக்கு,

தொண்டை கட்டினவருக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். நான் சுகம்.

உங்கள் கடிதத்தை ஐந்து தடவை வாசித்தேன். இப்போது நிற்காமல் வாசிக்க வருகிறது. எட்டு திருட்டு இல்லை, ஒன்பது. ஒன்பதாவது நான். எங்கள் தேய்ப்புக் கடையில் என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். அதை அவளிடம் சொன்னதில்லை. நான் கேட்டிருந்தால் பத்து கொடுத்திருப்பாள். கேட்டு வாங்கினால் அது திருட்டாகுமா?

ஒன்று மட்டும் எழுதுங்கள். அடம் பிடிக்கும் நிறம் என்றாளே, என்ன நிறம்? என்றைக்குச் சொன்னாள்?

அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

தொண்டை திறந்துவிட்டது. உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

அவள் பேசியது டிசம்பர் ஒன்றாம் தேதி சாயங்காலம். மறுநாள் காலையில்தான் அந்தச் செய்தி வந்தது, அதனால் நாள் நன்றாக நினைவிருக்கிறது. என்ன நிறம் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

படத்தைத் தேடினீர்களா என்பதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. வற்புறுத்த எனக்கு மனமில்லை. ஆனால் நாள் நெருங்குகிறது. வேறொரு ஓவியர் வரைந்து தந்திருக்கிறார். இதோடு அனுப்புகிறேன். அக்கா, இதையும் நீங்கள் பஸ் ஸ்டாப்பில் நின்று, மூன்று எண்ணிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பாஸ் என்றால் பாஸ். அதற்கு மேல் நான் பேசமாட்டேன்.

அன்புடன்,
தங்கச்சி


பிப்ரவரி 5

தங்கச்சிக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை வாசித்த பிறகும் என்னை அக்கா என்று கூப்பிட வேண்டும்.

நீங்கள் சொன்னபடி செய்தேன். படத்தைப் பிடிக்கப் பக்கத்து வீட்டு நர்ஸைக் கூப்பிட்டேன். “டியூட்டிக்கு நேரமாச்சுக்கா” என்றாள். “மூணு எண்ண எவ்வளவு நேரம் ஆகும்? ஊசி போடும்போது எண்ணுவியே” என்றேன். பிடித்தாள். மூடினதும், “என்னக்கா பார்த்தீங்க?” என்று கத்தினாள். அந்தக் குரல் வேறு குரல். அதற்குள் பஸ்ஸுக்கு நின்ற ஒருவர், “பூட்டு! பூட்டுக் கம்பெனி விளம்பரம்!” என்றார். நான் பார்த்ததும் அதுதான். பெரிய பூட்டு, அழகான பூட்டு. அறைக்குள்ளே யாரும் இல்லை. பாஸ் இல்லை, தங்கச்சி. வரைந்தவரிடம் நல்லபடியாகச் சொல்லுங்கள். அவர் கை சுத்தமான கை.

இனி நான் மறைத்ததைச் சொல்கிறேன். அவள் படம் என்னிடம்தான் இருந்தது.

நவம்பர் இருபத்தொன்பதாம் தேதி நல்ல மழை. படத்தைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி வந்தாள். ஓரமெல்லாம் நனைந்து சுருங்கிப்போயிருந்தது. மேசையில் விரித்துவிட்டுக் குளிக்கப் போனாள். பென்சிலில் மெல்லிசாக ஒரு கதவு. பலகை ஒவ்வொன்றிலும் மரத்தின் வரி தெரிந்தது. நான் இருபத்திரண்டு வருடமாகத் துணி தேய்க்கிறவள். என் கையில் பட்டு கெட்டதில்லை, கல்யாணக் கோட்டு கெட்டதில்லை. காகிதம் என்ன பெரிய காகிதம் என்று நினைத்தேன். மேலே ஈரத்துணி போட்டு லேசாகத் தேய்த்தேன். சுருக்கம் போயே போய்விட்டது. பெருமையாக இருந்தது. துணியை எடுத்துவிட்டுக் கடைசியாக ஒரு இழுப்பு இழுக்கலாம் என்று இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். அவள் உள்ளேயிருந்து, “அம்மா, துண்டு!” என்றாள். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான் நேரம்.

கையை எடுத்தால் பெட்டியை நிமிர்த்தி வைக்க வேண்டும். வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். இருபத்திரண்டு வருடத்தில் நிமிர்த்தி வைக்காமல் போனது அந்த ஒரு தடவை.

கதவுக்கு நடுவில் பெட்டியின் அடிப்பாகம் அப்படியே பழுப்பாகப் பதிந்துவிட்டது. அவள் வந்து பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சாப்பிடும்போது சமாதானமாகியிருப்போம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தலையில் துண்டோடு படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் எங்கள் வீட்டில் பேச்சில்லை. காலையில் படத்தைச் சுருட்டிக்கொண்டு போனாள், இருட்டின பிறகு வந்தாள். எங்கே போகிறாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் சுருளை மேசையில் வைத்துவிட்டு சைக்கிளை எடுத்தாள். “வரேம்மா” என்றுகூடச் சொல்லவில்லை. தெருமுனையில் லாரி.

என் மகள் என் மேல் கோபமாகப் போனாள், தங்கச்சி. அதனால்தான் அந்தச் சுருளை நான் பிரிக்கவேயில்லை. மற்றவர் கண்ணில் படக்கூடாது என்று ஒளித்துவைத்தேன். இப்போது அனுப்பிவிட்டேன். அந்தக் கருகலை அழித்து, யாரையாவது வைத்துச் சரிசெய்து, கீழே அவள் பெயரைப் போட முடியுமா? பூட்டுக் கம்பெனி விளம்பரத்துக்குத் தோற்க அவள் பிறக்கவில்லை.

அக்கா


பிப்ரவரி 9

என் அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கப் பொறுமையில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். அழிக்கமாட்டேன்.

சுருளைப் பிரித்ததும் நான் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நடிகர்கள் ஒவ்வொருவராக வந்து பின்னால் நின்றார்கள். இந்த நாடகத்தில் ஒரு குடும்பம் ஓர் அறையைப் பூட்டிவைத்துவிட்டு, உள்ளே ஒன்றுமில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறது. உள்ளே என்ன எரிகிறது என்பதுதான் கதை. அதைப் படத்தில் எப்படிக் காட்டுவது என்று ஆறு மாதம் அவளோடு மல்லுக்கட்டினேன். பூட்டு, சாவி, சங்கிலி எல்லாம் வரைந்து வரைந்து கிழித்தாள். இதில் கதவு சாத்தியிருக்கிறது. அதன் மேல் உள்ளேயிருந்து வந்த சூட்டில் பழுப்பேறியிருக்கிறது. ‘கதவு கிடைச்சிடுச்சு’ என்று அவள் சொன்னது இதைத்தான்.

நான் ஊகித்துச் சொல்லவில்லை. நீங்கள் பிரிக்காத அந்தச் சுருளின் பின்பக்கத்தில் அவள் கையெழுத்து இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்: “நவ. 30. கலவை 1, சிவப்பு அதிகம். கலவை 2, சேறு. கலவை 3, 4 வேண்டாம். டிச. 1. கலவை 5, காய்ந்ததும் மங்குது. 6, 7 கிட்ட வந்தாச்சு. நாளைக் காலை கலவை 8 பார்க்கணும்.”

அந்தக் கருகலின் நிறத்தை மையில் கொண்டுவரக் கலந்து கலந்து பார்த்திருக்கிறாள். அவள் எப்போதும் போகும் அச்சுக்கடை உங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளித்தானே இருக்கிறது? போய்ப் பாருங்கள், அக்கா. என்னால் இன்னும் நான்கு நாளைக்கு அங்கே வர முடியாது. நீங்கள்தான் போக வேண்டும்.

தங்கச்சி


பிப்ரவரி 12

தங்கச்சிக்கு,

இதை உட்கார்ந்து வாசியுங்கள்.

போனேன். அந்தக் கடை வாசலை எத்தனையோ தடவை தாண்டியிருக்கிறேன், உள்ளே நுழைந்ததில்லை. மை வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும் சேர்ந்து வந்தன. அவள் தலைமுடியில் வருகிற அதே வாசனை. அச்சுக்காரர் என்னைப் பார்த்ததும் கையில் இருந்த மை இழுக்கிற கட்டையைக் கீழே வைத்தார்.

“வாங்கம்மா. ரெண்டு மாசமா உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருக்கேன்.”

“அப்போ வந்து சொல்லியிருக்கலாமே?”

“துக்க வீட்டு வாசல்ல வந்து, சாம்பிள் ரெடி, பார்த்து ஓகே சொல்லுங்கன்னா? செருப்பால அடிச்சிருப்பீங்க.”

“செருப்பால அடிச்சிருக்க மாட்டேன். இஸ்திரிப் பெட்டி இருக்கே.”

அவர் சிரித்துவிட்டார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, இன்னும் ஒருத்தரைச் சிரிக்கவைக்க என்னால் முடிகிறதே என்று.

பின்கட்டில் ஒரு கம்பியில் எட்டுத் தாள்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார். எட்டிலும் என் பெட்டியின் தடம். முதலாவது ரத்தம் மாதிரி, இரண்டாவது சேறு மாதிரி. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். எட்டாவதற்கு வந்ததும் கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டேன். சுடும் என்று பயந்துவிட்டேன், தங்கச்சி.

“உயிரை வாங்கிட்டாம்மா” என்றார். “கருகல்ல மூணு பழுப்பு இருக்கு, ஓரம் வேற, நடு வேற, நுனி வேறன்னு சொல்லி மூணுக்கும் தனித்தனியா அச்சு ஸ்கிரீன் போட வெச்சா. அளவையெல்லாம் எழுதிக் கொடுத்துட்டு, எட்டாவதைக் காலையில வந்து பார்க்கிறேன்னு போனா. நான் ராவோட ராவா அடிச்சுக் காயப்போட்டு வெச்சேன். ஒன்பது மணி ஆச்சு, பத்து மணி ஆச்சு…”

அதற்கு மேல் நடந்தது எனக்குத் தெரிந்ததுதானே. சைக்கிளை அவள் எங்கே ஓட்டிக்கொண்டு போனாள் என்பது மட்டும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். மூடியில் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். ‘அம்மா’ என்பது உடனே வந்துவிட்டது. அடுத்ததற்குத்தான் நேரம் பிடித்தது. ‘அம்மா பழுப்பு.’ மைக்கு அவள் வைத்த பெயராம்.

“கோபமா இருந்தாளா?” என்று கேட்டேன்.

“என் மேலயா? அது எப்பவும்தான்.”

“என் மேல.”

மனுஷன் பொய் சொல்லத் தெரியாதவர். யோசித்துப் பார்த்துவிட்டு, “உங்களைப் பத்தி ஒரு வார்த்தையும் பேசலம்மா. டப்பாவுல பேரு மட்டும் எழுதினா” என்றார்.

எட்டாவது தாளைக் கடை வாசலில் பிடிக்கச் சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றேன். மூன்று எண்ணினார். பாஸ். அச்சடிக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னது தப்பானால் திட்டுங்கள்.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டுவதா? முந்நூறு போஸ்டரும் வந்து சேர்ந்தன. காய்ந்த பிறகும் ஒரு வாசனை இருக்கிறது. எங்கள் ஆட்கள் மாறி மாறி முகர்ந்து பார்க்கிறார்கள், பைத்தியங்கள். கீழே மூன்று கால் ஸ்டூல், அதன் பக்கத்தில் ‘வடிவமைப்பு’ என்று போட்டு அவள் பெயர்.

குழுவில் ஒரு யோசனை சொல்கிறார்கள். அடுத்த ஊருக்கான போஸ்டரில் அவள் பெயருக்குக் கீழே ‘சூடு: அம்மா’ என்று போடலாமா? விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறோம்.

மார்ச் ஒன்றாம் தேதி முதல் வரிசையில் உங்களுக்கு இடம். வராவிட்டால் திரை தூக்கமாட்டேன். வரும்வரை உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி


மார்ச் 2

அடி மைமூக்கி,

நான் சுகமாக இருக்கிறேன். இந்தத் தடவை பேச்சுக்குச் சொல்லவில்லை.

நேற்று உன் நாடகம் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று நாடகத்தில் வரும் அம்மாள் சொல்லும்போதெல்லாம் எனக்கு என் தலையணை உறைதான் ஞாபகம் வந்தது. முடிந்ததும் உன் டைரக்டரம்மா உன் பெயரைச் சொன்னார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பக்கத்து இருக்கை அம்மாள், “போஸ்டரைப் பார்த்துட்டுத்தான் வந்தேன், யார் பெத்த பொண்ணோ” என்றாள். “நான்தாங்க பெத்தேன்” என்றேன். வாய் நிறையச் சொன்னேன்.

‘சூடு: அம்மா’ என்று போடலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டப்பாவில் நீ எழுதினது எனக்குப் போதும். அந்த டப்பா இப்போது என் தேய்ப்பு மேசையில், திருட்டுப் போஸ்டருக்குக் கீழே இருக்கிறது. கடைக்கு வருகிறவர்கள் என்ன என்று கேட்கிறார்கள். என் பெயரில் ஒரு நிறம் இருக்கிறது என்று சொல்கிறேன். நம்பாதவர்களிடம் மூடியைக் காட்டுகிறேன்.

நம் வீட்டு வாசல் பக்கத்துச் சுவரிலும் ஒன்று ஒட்டியிருக்கிறார்கள். இன்றைக்குக் காலையில் பஸ் ஸ்டாப்பில் நின்று கண்ணை மூடித் திறந்து, நானே மூன்று எண்ணினேன். கதவு. உள்ளே எரிகிறது. யாரோ இருக்கிறார்கள். நர்ஸ் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, “என்னக்கா, பாஸா?” என்று கத்தினாள். “பாஸ்!” என்று கத்தினேன்.

அப்போது ஒருவர் வந்து போஸ்டரின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். ரோட்டைத் தாண்டி ஓடினேன். முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

“என்ன பண்றீங்க?”

“இல்லம்மா… நல்லாயிருக்கு. வீட்டுல மாட்டலாம்னு…”

“அதுக்கு இப்படியா பிறாண்டுறது? இருங்க.” உள்ளே போய் ஈரத்துணியும் இளஞ்சூட்டில் பெட்டியும் கொண்டுவந்தேன். ஓரத்தை நனைத்து, மேலே துணி வைத்து, லேசாகச் சூடு காட்டினேன். பசை இளகி முழுசாகக் கையோடு வந்தது. ஒரு கிழிசல் இல்லை. பெட்டியை நிமிர்த்தித்தான் வைத்தேன், பயப்படாதே. முதல் திருட்டு. எண்ணிக்கொள்.

எல்லாம் சொல்லிவிட்டேன். ஒன்றுதான் பாக்கி. அச்சுக்காரரைக் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. உன் டைரக்டரம்மாவைக் கேட்டேன், என் கையைப் பிடித்துக்கொண்டார். உன்னையே கேட்கிறேன். அந்த இரண்டு நாளும் நீ என்னோடு பேசாமல் இருந்தது கோபத்திலா, இல்லை எட்டாவது கலவை சரியாக வந்த பிறகு என்னைப் பஸ் ஸ்டாப்பில் கொண்டுபோய் நிறுத்தி, துணியை எடுத்து, மூன்று எண்ணலாம் என்றாடி?